நான் கண்ட பிறை

எங்கள் ஊர் மணமேல்குடிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் இடையே கடலை ஒட்டி அமைந்தது. ஆயினும் பிறை பார்க்கும் மாலைகளில் நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். பாக் நீரிணை எங்களுக்குக் கிழக்கே கிடக்கிறது. பிறை தோன்றும் மேற்குத் திசையிலோ பனைகளும் கருவேலங்காடும் கண்மாய்க் கரைகளும் அடிவானத்தை மறைத்து நிற்கின்றன. மலையாளக் கரையில் வாழ்வோருக்குக் கடலின் விளிம்பிலேயே பிறையைத் தேடும் வசதி உண்டு. எங்களுக்கு வாய்த்தது பனைமர இடுக்கு.

அந்த இடுக்கில் நான் ஒருமுறை பெருநாள் பிறையைக் கண்டேன். கண்டதாகச் சாட்சியும் சொன்னேன். ஆண்டு எதுவென்று எழுதவில்லை. அந்த ஆண்டை நினைவில் வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரிலும் அடுத்த ஊரிலும் இன்னும் இருக்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்பது மட்டும் போதும்.

அப்போது நான் வேலூரில் ஓதிக்கொண்டிருந்தேன். இருபது வயதைத் தாண்டி ஓரிரு ஆண்டுகள் ஆகியிருக்கும். ரமலான் விடுமுறையில் ஊருக்கு வந்து பெரிய ஹஜ்ரத்துக்குத் துணையாகத் தராவீஹ் தொழுவித்தேன். ஊரில் எனக்குப் புதிதாக ஒரு மதிப்பு உண்டாகியிருந்தது. அதை நான் வெறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரமலான் இருபத்தொன்பதாம் நாள் மஃரிப் தொழுதவுடன் பள்ளிவாசல் மாடியில் ஏறினோம். மேற்கே மேகம் திட்டுத்திட்டாகக் கிடந்தது. சூரியன் மேகத்துக்குள்ளேயே மறைந்துவிட்டதால், அது எந்த இடத்தில் இறங்கியது என்பதை யாரும் கவனிக்கவில்லை. கண்மாய்க் கரையிலிருந்த இரட்டைப் பனையின் இடைவெளியில் ஒரு வெள்ளிக் கீற்று எனக்குத் தென்பட்டது. “அதோ!” என்றேன். என் பக்கத்தில் என் கூட்டாளி நின்றிருந்தார். என் விரல் நீண்ட திசையில் சற்று நேரம் நோக்கிவிட்டு, “ஆமாம், ஆமாம்” என்றார். மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் மேகம் மூடிக்கொண்டது.

பெரிய ஹஜ்ரத் எங்கள் இருவரையும் கீழே அழைத்துத் தனித்தனியே விசாரித்தார். ஷவ்வால் பிறைக்கு நேர்மையாளர் இருவரின் சாட்சி வேண்டும் என்பது எங்கள் ஷாஃபிஈ நூல்களில் உள்ள சட்டம். அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்து, “கண்ணால் கண்டேன்” என்று கூறினேன். கூட்டாளியும் கூறினார். நகரா முழங்கிற்று. தெருவெங்கும் தக்பீர் எழுந்தது.

வீட்டுக்கு ஓடினேன். அத்தாவின் தாயாரை நாங்கள் அத்தம்மா என்று அழைப்போம். அவர் கேட்டது ஒரே கேள்வி: “கொம்பு எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு தம்பி?” எழுத்தறியாத அந்த மூதாட்டி எழுபது ஆண்டுகளாகப் பிறை பார்த்தவர். எந்தப் பருவத்தில் அது கிண்ணம்போல் மல்லாந்து கிடக்கும், எப்போது ஒருக்களித்துச் சாயும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எனக்கு விடை தெரியவில்லை. “மேகத்துக்குள்ளே தெரிந்தது” என்று ஏதோ சொல்லி நகர்ந்தேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பெருநாள். வீடெல்லாம் நெய் மணந்தது. அத்தம்மா மட்டும் பகல் முழுவதும் எதையும் உண்ணவில்லை. வயிறு சரியில்லை என்றார். நான் அதை நம்பினேன்.

அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தமக்கை அன்று நோன்பாளி. அவர்கள் ஜமாஅத் முப்பதை நிறைவு செய்தது. எங்கள் வீட்டிலிருந்து அனுப்பிய பிரியாணிச் சட்டி மஃரிப் வரையில் மூடியபடியே அங்கு இருந்ததாம். “உங்கள் ஊரார் எங்களை நோன்பு நாளில் உண்ணச் சொல்கிறார்களா?” என்று அவருடைய மாமனார் கேட்க, “நீங்கள் எங்களைப் பெருநாளில் பட்டினி கிடக்கச் சொல்கிறீர்களா?” என்று என் அத்தா திருப்பிக் கேட்க, இரண்டு வீட்டாருக்கும் ஓராண்டு போக்குவரத்து நின்றுபோயிற்று. தமக்கையின் தலைப்பிள்ளைக்குப் பெயர் சூட்டிய நாளில் எங்கள் வீட்டார் ஒருவரும் அங்கு இல்லை. இத்தனைக்கும் நடுவில், கண்ணால் கண்டவன் என்ற உறுதி எனக்கு ஒரு கேடயமாக இருந்தது.

பிறகு நான் ஆசிரியனானேன். அரபியும் தமிழும் கற்பித்துக் காலம் ஓடியது. மீலாது மேடைகளிலும் பள்ளி விழாக்களிலும் பேசத் தொடங்கினேன். நம் மேடைகளில் விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசும் முறை வாசகர்கள் அறிந்ததே. அல்குவாரிஸ்மி, ஜாபிர், இப்னு சீனா, அல்பிரூனி என்று தஸ்பீஹ் மணியை உருட்டுவதைப்போல் பெயர்களை உருட்டுவோம். கூட்டம் சுப்ஹானல்லாஹ் சொல்லும். அவர்களுடைய நூல் ஒன்றையாவது திறந்து பார்த்தோமா என்று எங்களை யாரும் கேட்பதில்லை, நாங்களும் கேட்டுக்கொள்வதில்லை.

2015ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலக ஒளி ஆண்டாக அறிவித்தது. ஒளியியலின் முன்னோடியான இப்னுல் ஹைஸமை அப்போது யுனெஸ்கோ சிறப்பாக நினைவுகூர்ந்தது. ஒரு மேல்நிலைப் பள்ளியில் அவரைப் பற்றிப் பேச அழைத்தார்கள். வழக்கம்போல் நாலு வரியுடன் முடித்திருப்பேன். ஆனால் குவைத்தில் வேலை பார்த்துத் திரும்பிய என் மாணவர் ஒருவர், அங்கே 1983இல் அப்துல் ஹமீது ஸப்ரா பதிப்பித்த ‘கிதாபுல் மனாளிர்’ நூலின் முதல் மூன்று பாகங்களை எனக்காகக் கொண்டுவந்திருந்தார். வெட்கப்பட்டுக்கொண்டே திறந்தேன்.

பஸ்ராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து, கெய்ரோவில் 1040ஆம் ஆண்டளவில் மறைந்தவர் இப்னுல் ஹைஸம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் காண்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் கருதினார்கள். அதை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்வை உண்டாகிறது என்று நிறுவியவர் இவர். இதை எல்லோரும் சொல்வார்கள். மூன்றாம் பாகத்தை யாரும் சொல்வதில்லை. அந்தப் பாகம் முழுவதும் பார்வை எவ்வாறு பிழைபடுகிறது என்பதைப் பற்றியது.

செம்மையாகக் காண எட்டு நிபந்தனைகள் வேண்டும் என்கிறார் அவர். பொருள் அளவான தொலைவில் இருத்தல், கண்ணுக்கு எதிரே இருத்தல், அதன்மீது ஒளி இருத்தல், அது போதிய பருமனுடன் இருத்தல், ஒளியை மறிக்கும் திண்மை அதற்கு இருத்தல், இடையிலுள்ள காற்று தெளிவாக இருத்தல், பார்க்கப் போதிய நேரம் இருத்தல், கண் நலமாக இருத்தல். இவற்றுள் ஒன்று எல்லை மீறினாலும் பார்வை பிழைக்கும். அந்தப் பிழையையும் அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: புலனிலேயே நேர்வது, அடையாளம் காண்பதில் நேர்வது, அனுமானத்தில் நேர்வது. மங்கிய பொருளொன்றைக் கண் ஒரு நொடி காணும்போது, மனம் தன்னிடம் முன்பே உள்ள உருவத்தை எடுத்து அதன்மேல் பொருத்திவிடுகிறது. பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் மனிதன் பொய்யான ஒன்றைக் கண்டுவிடுகிறான். இரட்டைப் பனையின் நினைவு எனக்கு அப்போதே வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

வரலாற்று நூல்களில் ஒரு செய்தி உண்டு. நூறு வயதை நெருங்கிய நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் மக்களுடன் பிறை பார்க்க நின்றபோது, “அதோ பிறை” என்று சுட்டினார்கள். வேறு எவருக்கும் தெரியவில்லை. பஸ்ராவின் காழியாக விளங்கிய, கூரறிவுக்குப் பேர்போன இயாஸ் இப்னு முஆவியா அருகில் இருந்தார். பெரியவரின் புருவத்திலிருந்து நரைமுடி ஒன்று வளைந்து கண்ணுக்கு முன்னே தொங்குவதைக் கண்டு, மெல்ல அதை ஒதுக்கிவிட்டு, “இப்போது பாருங்கள்” என்றார். “இப்போது காணவில்லையே” என்றார்கள் அனஸ் அவர்கள். இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன். அனஸ் அவர்களின் கண்ணை மறைத்தது ஒரு முடி. ஊரார் முன் நிமிர்ந்து நின்ற இருபது வயதுக்காரனின் கண்ணை மறைத்தது எதுவென்று எனக்குத் தெரியும்.

என் இளைய மகள் புதுக்கோட்டையில் மகளிர் கல்லூரியில் இயற்பியல் பயில்கிறாள். ஒருநாள் தன் கணினியில் ஸ்டெல்லேரியம் என்னும் செயலியைத் திறந்து, “எந்த நாள், எந்த ஊர் வானம் வேண்டுமானாலும் காட்டும் அத்தா. ஒரு தேதி சொல்லுங்கள்” என்றாள். அவள் என் பிறந்த நாளை எதிர்பார்த்திருப்பாள். நான் அந்த இருபத்தொன்பதாம் நாளைச் சொன்னேன். என் பழைய குறிப்பேட்டில் ஆங்கிலத் தேதியும் இருந்தது.

திரையில் சூரியன் எங்கள் ஊருக்கு மேற்கே இறங்கியது. அமாவாசைச் சந்திப்பு அன்று காலை பத்து மணியளவில்தான் நிகழ்ந்திருந்தது. சூரியன் மறைந்த வேளையில் பிறையின் வயது எட்டரை மணி. சூரியனுக்கும் அதற்கும் இடைவெளி ஐந்து பாகைக்கும் குறைவு. சூரியன் மறைந்து பதினான்கு நிமிடங்களில் அதுவும் மறைந்துவிட்டது. “இதை யாராலும் பார்த்திருக்க முடியாது அத்தா” என்றாள் அவள், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அறியாமல். ஏழு பாகைக்கு உட்பட்ட இடைவெளியில் பிறைக்கீற்று உருவாவதே இல்லை என்று பிரெஞ்சு வானியலார் ஆந்த்ரே தாஞ்சோன் 1930களிலேயே வரையறுத்ததை விளக்கினாள். வெறுங்கண்ணால் கண்ட மிக இளம்பிறை என்று பேசப்படும் 1990ஆம் ஆண்டுப் பிறைக்குக்கூட வயது பதினைந்தரை மணி.

கணினியின் சொல்லை அப்படியே ஏற்பதும் ஒருவகைக் குருட்டு நம்பிக்கைதானே என்று என் மனம் வாதாடியது. அதற்கும் ஒரு வழி இருந்தது. ஆங்கிலத் தேதி ஒன்றாக இருந்தால், சூரியன் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் மறையும். அதே தேதி வரட்டும் என்று காத்திருந்தேன். அன்று மாலை யாரிடமும் சொல்லாமல் பள்ளிவாசல் மாடியில் ஏறி, பழைய இடத்தில் நின்றேன். இரட்டைப் பனையில் ஒன்று 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் சாய்ந்துவிட்டது. மற்றொன்று இன்னும் நிற்கிறது. வானம் தெளிவாக இருந்தது. சூரியன் பனைக்கு வலப்புறம் வெகுதூரம் தள்ளிக் கண்மாயின் வடகோடியில் இறங்கியது. கையை நீட்டி விரலை விரித்து அளந்தேன். முழுச் சாண் அகலம் இருந்தது. ஐந்து பாகை என்பது நீட்டிய கையின் மூன்று விரல் அகலம். அன்று பிறை இருந்திருந்தால் கண்மாயின் வடகோடியில் இருந்திருக்க வேண்டும். பனையின் இடுக்கில் நான் கண்டது மேகத்தின் ஓரமாகத்தான் இருக்க வேண்டும்.

மார்க்கச் சட்டத்தின்படி ஊரார்மீது குற்றமில்லை. சாட்சியைக் கேட்டுப் பொறுப்பாளர் முடிவு செய்தபின் அவர்கள் பெருநாள் கொண்டாடினார்கள். நான் மட்டும் ஒரு நோன்பைக் களாச் செய்தேன். அது கடமையா என்று எவரும் ஃபத்வா கேட்க வேண்டாம்.

இங்கே வாசகர்கள் அறிந்த அந்தப் பெரிய வாதம் குறுக்கே வருகிறது. கண்ணால் காண வேண்டுமா, கணக்குப் போதுமா? தமிழ்நாட்டில் இதனால் ஒரே தெருவில் இரண்டு பெருநாள்கள், சில ஊர்களில் மூன்று. பிறை கண்டு நோன்பு வைக்கவும் பிறை கண்டு விடவும், மேகம் மறைத்தால் முப்பதை நிறைவு செய்யவும் பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். கணக்குக் கட்சியினர், “தொழுகை நேரத்தை அட்டவணை பார்த்துத்தானே தொழுகிறீர்கள்? நிழலை அளந்தா பாங்கு சொல்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். இது புதிய கேள்வியன்று. ஹிஜ்ரி 684இல் மறைந்த மாலிக்கி இமாம் கராஃபி இதை எடுத்து விவாதித்திருக்கிறார். தொழுகைக்குக் காரணம் நேரமே. அது வந்துவிட்டது என்பதை எவ்வழியில் அறிந்தாலும் சரி. மாதத்துக்கோ பிறை வானத்தில் இருப்பதை அன்று, அதைக் காண்பதையே மார்க்கம் காரணமாக்கியிருக்கிறது என்பது அவர் காட்டும் வேறுபாடு. எனக்கு இது நிறைவளிக்கும் விளக்கம். எழுத்தறியாத படகுக்காரனின் கண்ணும் ஒரு சமுதாயத்தின் பெருநாளைத் தீர்மானிக்கலாம் என்பதில் உள்ள பெருந்தன்மையை ஒரு கருவியிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கண்டேன் என்று சொல்பவனை எதைக்கொண்டு உரசிப் பார்ப்பது? திமஷ்கின் தலைமைக் காழியாக இருந்த நம் ஷாஃபிஈ இமாம் தகிய்யுத்தீன் ஸுப்கி, ஹிஜ்ரி 756இல், அதாவது 1355இல் மறைந்தவர். மாதங்களை உறுதிசெய்வது பற்றி அவர் தனி நூலே எழுதினார். பிறையைக் காண்பது இயலாதென்று கணக்கு உறுதியாகக் கூறும் நாளில், ஓரிருவர் கண்டதாகச் சொன்னாலும் அந்தச் சாட்சியை ஏற்கக்கூடாது என்றார். உறுதியான அறிவின் முன்னே பிழைக்கவும் பொய்க்கவும் கூடிய சொல் நிற்காது என்பது அவருடைய வாதம். பின்வந்த இமாம்களுள் பலர் இதை ஏற்கவில்லை. மாணவப் பருவத்தில் நானும் அவர்களுடன் சேர்ந்து இதை மறுத்தேன். இப்போது என்னால் மறுக்க முடியவில்லை. அவர் தள்ளுபடி செய்யச் சொன்ன சாட்சி நான்தான்.

கணக்கு என்றாலே அந்நியச் சரக்கு என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. அதே திமஷ்கின் உமையாப் பள்ளிவாசலில் நேரம் கணிக்கும் முவக்கித்தாகப் பணியாற்றியவர் இப்னுஷ் ஷாதிர். சந்திரனின் ஓட்டத்துக்கு அவர் வகுத்த கணித அமைப்பையே பின்னர் கோபர்னிகஸின் நூலிலும் காண்கிறார்கள். அப்பாஸியர் காலத்தில் சிந்துஹிந்த் என்ற பெயரில் இந்திய வானநூல் பக்தாதுக்குப் போயிற்று. சூரியன் மறைந்து பன்னிரண்டு பாகை நேரமாவது சந்திரன் தங்கினால்தான் பிறை தெரியும் என்னும் இந்திய விதியும் அக்காலத்தில் அரபிகளின் கைக்கு வந்தது. பன்னிரண்டு பாகை என்றால் நாற்பத்தெட்டு நிமிடம். நம் பாட்டன்மார் கணக்கில் சரியாக இரண்டு நாழிகை! என் பிறைக்குப் பதினான்கு நிமிடம். முக்கால் நாழிகைகூட இல்லை.

இது நமக்கு மட்டும் உள்ள சச்சரவும் அன்று. நம் இந்துச் சகோதரர்களிடையே வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் உள்ள வழக்கு எல்லோரும் அறிந்தது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பழைய வாய்பாட்டைக் கண்கூடான வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று தம் சமுதாயத்தாரிடம் வாதாடினார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்து செல்வதை முன்னிட்டு, பொதுமக்களுக்கு விளங்கும்படி பல இந்திய மொழிகளில் நூல் வெளியிட்டார். அவருக்குப் பின் நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியும் சனிப்பெயர்ச்சி இரண்டு பஞ்சாங்கத்தில் இரண்டு தேதியில் வருகிறது. அவர் அங்கே கண்ணைக் கொண்டு கணக்கைத் திருத்தினார். எங்கள் மாடியில் கணக்கைக் கொண்டு கண்ணைத் திருத்த வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் மனத்துக்குள் வைத்துக்கொண்டு சில மாதங்கள் நடமாடினேன். முதலில் சொல்ல வேண்டியவர் என் கூட்டாளி. அவர் மலேசியாவில் முப்பதாண்டுகள் உழைத்துவிட்டு ஊரோடு தங்கிவிட்டார். ஒரு மாலை அஸருக்குப் பின் குளத்தங்கரையில் இதைச் சொன்னேன். வியப்படைவார் என்று எதிர்பார்த்தேன். வேட்டி முனையை இழுத்து விட்டுக்கொண்டு, “எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“நீ காட்டுன. எனக்கு ஒண்ணும் தெரியலை. ஓதுற பிள்ளை, நீ பொய் சொல்லமாட்டேன்னு தெரியும். எனக்குத் தெரியலேன்னு சொன்னா என் கண்ணுதான் கோளாறுன்னு சிரிப்பாங்க. ஹஜ்ரத் கேட்டப்போ வாயில வந்துருச்சு.” சற்றுப் பொறுத்து, “நான் மலேசியாவுக்குப் போன முதல் வருஷமே அந்த நோன்பைப் புடிச்சுட்டேன்” என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பே. நான் என் உறுதியைக் கேடயமாக ஏந்தி என் தமக்கை வீட்டாரோடு வாதாடிக்கொண்டிருந்த காலத்தில்.

ஒரு வெள்ளியன்று தொழுகைக்குப் பின் ஜமாஅத்தாரிடம் என் பங்கை மட்டும் சொன்னேன். கூட்டாளியின் பங்கு என்னுடையதன்று. பழைய கதையைக் கிளறுவதேன் என்றார்கள் சிலர். “இனிமேல் சாட்சி சொல்ல வருகிறவனையெல்லாம் கணினி முன்னே நிறுத்துவீர்களா? எவன் வருவான்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. அஞ்சிய சாட்சியும் அவசரச் சாட்சியைப் போலவே தீங்கானது. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. இரண்டு ஏற்பாடுகளை மட்டும் முடிவு செய்தோம். இருபத்தொன்பதாம் நாள் காலையிலேயே, அன்று மாலை பிறை எவ்வளவு நேரம் தங்கும், சூரியன் மறையும் இடத்துக்கு எந்தப் பக்கம் நிற்கும் என்பதை எழுதி இமாமிடம் மட்டும் கொடுத்துவிடுவது. பார்க்க வருகிறவர்களுக்கு அதைச் சொல்லாதிருப்பது. பார்ப்பவர் யாரும் மாடியில் விரல் நீட்டிக் காட்டக்கூடாது. கண்டதைக் கீழே வந்து தனியே சொல்ல வேண்டும். கொம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று இமாம் கேட்பார். அந்தக் கேள்வி அத்தம்மாவுடையது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

தமக்கையின் வீட்டுக்கும் போனேன். அவருடைய மாமனார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தமக்கை கேட்டுவிட்டு, “அந்தச் சட்டியை அன்னைக்கு நோன்பு திறந்ததும் சூடு பண்ணிச் சாப்பிட்டோம்டா” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பின் வந்த முதல் ரமலான் இருபத்தொன்பதாம் நாள், நோன்பு திறந்து மஃரிப் தொழுததும் மாடியில் ஏறினோம். என் மகள் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றிருந்தாள். அன்று மாலை பிறைக்குப் போதிய நேரம் இருந்தது. ஆனால் மேற்கே மேகம். இளைஞர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைத் துழாவினார்கள். ஒற்றைப் பனைக்குப் பக்கத்தில் எனக்கு ஏதோ மின்னியது. நான் வாய் திறக்கவில்லை. சூரியன் இறங்கிய இடத்தை நோக்கித் திரும்பிக்கொண்டேன். நேரம் கடந்தது. ஒவ்வொருவராகக் கீழே இறங்கி இமாமிடம் போனோம். எனக்கு முன்னால் கூட்டாளி நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே, தனியே சொல்ல வேண்டியதை எல்லோருக்கும் கேட்கும்படி, “எனக்கு ஒண்ணும் தெரியலை ஹஜ்ரத்” என்றார். இமாம் அதை எழுதிக்கொண்டார். உள்ளே தராவீஹுக்குப் பாய் விரிக்கத் தொடங்கினார்கள்.